பறவை வாங்கும் முன் தீனிக் கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்

மூன்று வாரத்தில் மூன்று பறவைகளைத் தோட்டத்து முருங்கையடியில் புதைத்திருக்கிறேன். வாங்கியது நான்கு. நாலாவது பிழைத்துக் கிடக்கிறது. அது எப்படிப் பிழைத்தது என்பதையும், மற்ற மூன்றும் ஏன் பிழைக்கவில்லை என்பதையும் எழுதிவைத்தால், கோடை விடுமுறையில் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்று கடைக்குக் கிளம்பும் யாராவது ஒருவராவது நின்று யோசிப்பார்.

கடையின் பெயரைப் போடவில்லை. பயந்து அல்ல. அதற்குப் பிறகு மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை இன்னும் நான்கு கடைகளை ஏறி இறங்கிப் பார்த்தேன். மூன்று கடைகள் அதே அச்சில் வார்த்தவை. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற மூன்றும் நல்ல கடைகள் என்று ஆகிவிடும்.

நாங்கள் இருப்பது உச்சிப்புளிப் பக்கம். மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், மகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போனேன். அவளுக்கு 'லவ் பேர்ட்ஸ்' வேண்டும். நம் ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பட்ஜி என்கிற ஆஸ்திரேலியச் சிறுகிளியை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. கடைக்காரருக்கும் இது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

தகரக் கூரை. வெளியே கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு இலை அசையவில்லை. சுவரோரம் கூண்டின் மேல் கூண்டாக நான்கு அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே தட்டு கிடையாது, ஆகவே மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் முதுகில். உப்புக் காற்றில் கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாக உரிந்திருந்தன. ஒரு பச்சைக்குஞ்சு அந்தத் துருவைக் கொத்திக்கொண்டிருந்தது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக் கூண்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன்: 31. உட்காருவதற்குக் குச்சிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் இரண்டு. வழுவழுப்பில் கால் பிடிக்காமல் அவை சறுக்கிச் சறுக்கி ஏறின. பக்கத்துக் கூண்டில் காக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளிகள். வால் முழுதாக இருந்த ஒன்றுகூட அங்கே இல்லை.

இவ்வளவையும் பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன். மகள் நீலத்தைக் கைகாட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

நீலம் ஒரு மூலையில் சிறகை உப்பிக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருந்தது. கேட்டேன். "பகலில் இப்படித்தான் உறங்கும், சார். சாயங்காலம் பாருங்கள், வீட்டையே இரண்டாக்கிவிடும்" என்றார். தீனி என்ன போடுகிறீர்கள் என்றேன். கிண்ணத்தைக் காட்டினார். விளிம்பு வரை தினை.

அது தினை இல்லை என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த முதல் விஷயம். இந்தப் பறவைகள் தானியத்தை அலகில் உருட்டி உமியை உரித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும்; வாயால் ஒரு ஊது ஊதினால் அத்தனையும் பறந்து அடித்தட்டு தெரியும். சாப்பிட்டு எழுந்த இலையில் கிடக்கிற கறிவேப்பிலையைக் காட்டி, 'சோறு இருக்கிறதே' என்பதைப் போல. அன்று நான் ஊதிப் பார்க்கவில்லை. பிறகு, சண்டைக்குப் போன நாளில் ஊதினேன். கடைக்காரர் மேசை மேலெல்லாம் உமி. அடியில் ஏழெட்டு மணிகூட இல்லை.

ஜோடி 600 ரூபாய், கூண்டு 1,200. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'பறவை 1 செட்' என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. நீலத்தையும் பச்சையையும் ஒரு மிட்டாய்ப் பெட்டியில் போட்டு, நான்கு ஓட்டை குத்தி, ரப்பர் போட்டார். பஸ்ஸில் உச்சிப்புளி வரை மகள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தே வந்தாள்.

வீட்டில் என் அம்மாதான் முதலில் சொன்னார். நாற்பது வருடம் நாட்டுக்கோழி வளர்த்தவர், வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூடு காலியானதையெல்லாம் பார்த்தவர். "ஏன்ப்பா, உறங்குகிற உயிர் ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு நிம்மதியாக உறங்கும். இது இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு உப்பி உட்கார்ந்திருக்கிறதே, இது சீக்குக் கோழி உட்காருகிற உட்கார்வு. காசைத் திருப்பி வாங்கு" என்றார். 'அம்மா, இது கோழி இல்லை' என்று நான் சொன்னதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

புதன்கிழமை காலை நீலம் கூண்டின் தரையில் கிடந்தது. எறும்பு வந்துவிட்டது. மகள் எழுவதற்குள் எடுத்துவிட்டேன்.

பச்சையைத் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். சளி பிடித்த வெள்ளாடுகள் நாலைந்து, நாய் ஒன்று, அவற்றுக்குப் பின்னால் மிட்டாய்ப் பெட்டியோடு நான். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. பறவையை உள்ளங்கையில் மல்லாக்கப் பிடித்து, நெஞ்சுச் சிறகுகளின் மேல் மெல்ல ஊதினார். சிறகு விலகியது. நடு மார்பெலும்பு பேனாக்கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். என் விரலைப் பிடித்து அந்த எலும்பின் மேல் வைத்துக் காட்டினார். "இது உங்கள் வீட்டில் நாலு நாளில் வந்த மெலிவு இல்லை. வாரக்கணக்காக இதற்குத் தீனி சேரவில்லை. உப்பியிருக்கிற சிறகுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது."

நல்ல பட்ஜிக்கே எடை முப்பது நாற்பது கிராம்தான். அதில் எவ்வளவு இழந்தால் தாங்கும்? மருந்து கொடுத்தார், கூண்டை இரவில் கதகதப்பாக வைக்கச் சொன்னார். சனிக்கிழமை அதுவும் போயிற்று.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கூட்டத்தில் மெலிந்ததைத்தான் வேட்டைப் பறவை தூக்கும் என்பதால், இந்தச் சின்னப் பறவைகள் முடிந்த மட்டும் நோயை வெளியே காட்டாது. நம் கண்ணுக்குத் தெரியும்படி உப்பி உட்கார்ந்துவிட்டது என்றால், அது மறைத்து மறைத்து இனி முடியாது என்று கைவிட்ட நிலை. 'நேற்று வரை நன்றாக இருந்தது' என்று கடைக்காரர்கள் சொல்வதை இனி இப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. கோபத்தோடு கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. உச்சி வெயில். ஷட்டரில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம். பக்கத்து டீக்கடையில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்றார். உள்ளே இருக்கிற பறவைகள்?

"அது பாட்டுக்குக் கிடக்கும், அண்ணே."

சனி இரவு பூட்டினால் திங்கள் காலை வரை. தகரத்துக்கு அடியில், ராமநாதபுரத்து மே மாத வெயிலில், ஒரு கிண்ணத் தண்ணீரில் 31 உயிர்கள். அந்தத் தண்ணீரில் எச்சமும் விழும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திங்களன்று போய்ச் சண்டை போட்டேன். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது, சார்" என்றார். உயிர் இருக்கிறது என்பது விற்கும்போது நினைவுக்கு வருகிறது, தண்ணீர் வைக்கும்போது வருவதில்லை. கடைசியில் பாதி விலைக்கு வேறு ஜோடி தருகிறேன் என்று இறங்கி வந்தார். இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். கூண்டில் மஞ்சள் ஒன்று. அலகோரமும் கண்ணோரமும் சுண்ணாம்பு அப்பியது போலப் பொருக்கு. பார்க்கப் பாவமாக இருந்தது. இங்கேயே விட்டால் செத்துவிடும், நாமாவது எடுத்துப் போவோம் என்று அதையும் கூட ஒரு சாம்பல் நிறத்தையும் 300 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். காப்பாற்றிய பெருமிதம் வேறு.

யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பரிதாபப்பட்டுக் கொடுத்தாலும் கோபப்பட்டுக் கொடுத்தாலும் கல்லாவில் விழுவது ஒரே காசுதான். அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு இரண்டு வந்து உட்கார்ந்தன. போதாததற்கு, செத்தவை இருந்த கூண்டைக் கொதிநீரில் கழுவிக்கூட வைக்காமல் அதிலேயே புதியவற்றை விட்டேன். சாம்பல் பன்னிரண்டு நாள் தாங்கியது.

மஞ்சளின் பொருக்குக்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும் ஒருவகை உண்ணி என்றார் டாக்டர். பொருக்கில் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் இருந்தன, காட்டினார். அதற்கு மருந்து ஐவர்மெக்டின் சொட்டு, அளவு தவறினால் பறவையையே கொன்றுவிடும், ஆகவே ஆட்டுக்கு வாங்கிய மருந்தை வீட்டில் நீங்களே ஊற்றாதீர்கள். சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்தது. இத்தனைக்கும் அது கடையில் பல வாரம் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தத் திங்களன்றே இன்னொன்றும் நடந்தது. சண்டை ஓய்ந்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "பச்சைக்கிளிக் குஞ்சு இருக்கிறது, பேசும், வேண்டுமா?" என்றார். மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி. சிறகு முழுதாக முளைக்காத இரண்டு, முள் முள்ளாக, வாயைத் திறந்துகொண்டு. பனைப் பொந்திலிருந்து எடுத்தவை என்று பார்த்தாலே தெரியும். நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்றவர் மட்டுமல்ல, வாங்கியவரும் மாட்டுவார். வெளியே வந்து வனத்துறைக்குத் தெரிவித்தேன். அவர்கள் போன நேரத்தில் பெட்டி அங்கே இல்லை.

சின்னக் கடை, வாடகை, கரண்ட் பில், அவரால் என்ன முடியும் என்று என்னிடம் பரிந்து பேசியவர்களுக்கு, பிறகு பார்த்த நான்கு கடைகளில் நான்காவதைச் சொல்கிறேன். இதைவிடச் சிறியது. கீற்றுப் பந்தல். ஒரு கூண்டில் ஆறு ஏழுக்கு மேல் இல்லை. உட்கார வேப்பங்குச்சி, கொடுக்காப்புளிக் குச்சி, ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. ஒரே தடிமனில் நாள் முழுதும் நின்றால் பாதத்தில் புண் வருமாம். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கணவாய் மீனின் ஓடு கட்டியிருந்தது. பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து அதிலிருந்துதான். ஊர்ப்பக்கக் கடைகளில் இதைப் பொட்டலம் போட்டுக் காசுக்கு விற்கிறார்கள். நமக்கு அரியமான் கடற்கரையில் காலை நடை போனால் காலில் இடறும். முதல் கடையில் ஒரு கூண்டிலாவது ஒரு ஓடு உண்டா? தினை விலையாவது போகட்டும், கடல் சும்மா ஒதுக்கிப் போடுவதைக்கூட எடுத்துவந்து கட்ட மனமில்லை.

அந்த நான்காவது கடையில் ஒரு வெள்ளையைக் கேட்டேன். "அது மருந்தில் இருக்கிறது, இப்போது தர மாட்டேன்" என்றார் அந்த அக்கா. என் பழைய ஜோடியின் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அலகுக்கு மேலே மெழுகு மாதிரி இருக்கிற பகுதியைக் காட்டினார். பெரும்பாலான நிறங்களில் வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. என்னிடம் ஜோடி என்று விற்ற இரண்டுக்கும் பழுப்பு. விற்றவர் 'மூன்று மாதக் குஞ்சு' என்றதும் பொய்; குஞ்சுக்கு நெற்றியில் கோடுகள் அலகு வரை இறங்கியிருக்கும், முதல் சிறகு உதிர்ந்த பிறகுதான் நெற்றி தெளியும். என்னுடையவற்றுக்கு நெற்றி பளிச்சென்று இருந்தது.

ஆகவே வாங்கத்தான் வேண்டும் என்றால், மதியம் போகாதீர்கள். காலையில் கடை திறக்கும்போது போய் நில்லுங்கள், இரவு செத்ததைப் பெருக்கித் தள்ளுவதற்கு முன்னால். கிண்ணத்தை ஊதுங்கள். பறவையை எடுக்கச் சொல்லி நெஞ்சை ஊதுங்கள். மூச்சு விடும்போது வாலும் சேர்ந்து ஏறி இறங்கினாலோ, ஆசனவாய்ச் சிறகில் எச்சம் ஒட்டியிருந்தாலோ, அந்த ஒன்றை மட்டுமல்ல, அந்தக் கூண்டில் எதையும் வாங்காதீர்கள். கிளி இனப் பறவைகளின் காய்ந்த எச்சத்தூசியை முகர்ந்தால் மனிதருக்கும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் தொற்றலாம். வீட்டில் பறவை வந்த பிறகு யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் என்றால், பறவை இருப்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

கடையின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதியாமல் கடை நடத்தக் கூடாது. உடலை அசைக்க இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம். கேட்டால் முறைப்பார்கள், கேட்டுவிட்டுத்தான் வாருங்கள். பெயரும் தேதியும் போட்ட ரசீது இல்லாமல் காசை நீட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியபோது என்னிடம் முதலில் கேட்டது ரசீதைத்தான். என் கையில் இருந்தது 'பறவை 1 செட்'.

மஞ்சள் இப்போது தேறிவிட்டது. அம்மாவின் அறை ஜன்னலோரம் அதன் கூண்டு. காலையில் அவர் உமியை ஊதிவிட்டுத் தினை போடும் வரை கத்துகிறது. அதற்குத் துணை ஒன்று வேண்டும், தனியாக வாழும் பறவை இல்லை அது. அந்த அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வந்தாலும் முதல் ஒரு மாதம் வேறு அறையில், வேறு கூண்டில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பழைய கடைக்காரரிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அதே கூண்டு, அடைய அடைய நீலமும் பச்சையும். 'புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது சார்.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தீனிக் கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.