கொழும்புக்குக் கடல்வழியாக: ஒரு சொகுசுக் கப்பலின் கடைசிக் கடல் நாள்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் போனால் ஆறேழு மணி நேரம் ஆகும். இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது கோட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம். அதே கொழும்புக்கு, சென்ற பங்குனி மாதக் கடைசியில், நானும் மனைவியும் அக்காவும் அத்தானும் கப்பலில் 36 மணி நேரம் பயணித்துப் போய்ச் சேர்ந்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து எங்கள் ஊருக்கே வந்து, அங்கிருந்து இலங்கையின் தெற்கைச் சுற்றிக் கொழும்பில் முடிகின்ற எட்டு இரவுப் பயணம் அது. அந்தப் பயணத்தின் கடைசிக் கடல் நாளை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். துறைமுகங்களில் நிற்கும் நாள்களில் கப்பல் என்பது பெட்டி வைத்துவிட்டுப் போகும் ஒரு விடுதி, அவ்வளவுதான். இறங்க இடமில்லாத, புதிதாகப் பார்க்கவும் எதுவும் மிஞ்சாத கடைசி நாளில்தான் அதில் இருப்பவர்களை அது எப்படி வைத்திருக்கிறது என்பது தெரியும்.

திருகோணமலையில் கப்பல் நின்ற பகல் முழுவதும் மற்றவர்கள் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் வாகனங்களில் போக, நாங்கள் உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிற்பகலில் மறுபடியும் கப்பலுக்கு வந்தோம். வீடு வரை வந்தவர்கள் அப்படியே தங்கிவிடாமல் திரும்பவும் கப்பலேறிக் கொழும்புக்குப் போவதை அயலவர்களுக்கு விளக்கவே முடியவில்லை. வரும்போது அக்கா கொண்டுவந்த முறுக்குப் பொதியைக் கப்பல் வாசலில் இருந்த ஊடுகதிர்ப் பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டது; வீட்டில் சமைத்த உணவு கூடாது என்று மரியாதையாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தான் வாங்கிவந்த, முத்திரை உடைக்காத தேயிலைப் பைக்கற்று மட்டும் தப்பியது. அதன் அருமை மறுநாள்தான் தெரிந்தது.

மாலை ஆறு மணியளவில் கப்பல் புறப்பட்டது. அத்தான் துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் என்பதால், கயிறு அவிழ்க்கப்பட்டதிலிருந்து வழிகாட்டும் பைலட் இறங்கிப் போனது வரை கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். உட்துறைமுகத்தை விட்டுக் கொட்டியாரக் குடாவுக்குள் கப்பல் திரும்பியபோது கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை இடப்பக்கத்தில் மெல்ல விலகிப் போனது. நாற்பது ஆண்டுகளாக அந்த மலையிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கடலிலிருந்து மலையைப் பார்ப்பது அதுவே முதல் தடவை; நினைத்ததைவிடச் சிறியதாகத்தான் இருந்தது. “இந்தா, இராவணன் வெட்டுத் தெரியுது” என்று மலையின் பாறைப் பிளவை அக்கா காட்டிய இடத்தில் எனக்கு ஒரு நிழல் மட்டுமே தெரிந்தது.

வடக்கே சுற்றிப் போனால் கிட்டவாக இருக்குமே என்று மனைவி கேட்டார். பாக்கு நீரிணையிலும் இராமர் அணைப் பக்கத்திலும் இத்தனை பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. ஆகவே தெற்கைச் சுற்றித்தான் ஆக வேண்டும். இதனால் முன்பதிவு செய்பவர்களுக்கு ஒரு பயன் உண்டு. இந்தத் திசையில் போகும்போது கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் நிலம் எப்போதும் கப்பலின் வலப்பக்கத்திலேயே இருக்கும். பலகணி உள்ள அறை எடுப்பவர்கள் வலப்பக்க அறையைக் கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இடப்பக்க அறையில் இருந்துகொண்டு, நான்காம் தளத்தில் உள்ள நடைபாதைக்கு நாள் முழுவதும் ஏறி இறங்கினோம்.

மறுநாள் காலையில் எழுந்தபோது உடம்பு கடிகாரத்தோடு ஒத்துப்போயிருந்தது. சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணி. வழியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய இரவுகளுக்குப் பிறகு, மாற்றம் ஏதுமில்லாத காலை அது. காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் வரிசை இல்லை. முதல் இரண்டு நாள்களில் தட்டை நிரப்பிக்கொண்டு முட்டி மோதியவர்கள் எல்லாரும் இப்போது ஒரு துண்டு பாணும் பப்பாசியும் எடுத்துக்கொண்டு யன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உணவைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை: சோறு உதிரியாக இருந்தது, பருப்பு நன்றாக வெந்திருந்தது, மீன் கறிக்குத்தான் உறைப்புப் போதாது. ஆனால் தேநீர் பெரிய ஏமாற்றம். சிலோன் தேயிலை என்று அச்சடித்த பையை, கொதித்து ஆறிப்போன தண்ணீரில் தொங்கவிட்டுக் குடிக்க வேண்டியிருந்தது. அத்தான் பரிசாரகரிடம் சைகையால் பேசி, கொதிக்கும் தண்ணீரை ஒரு போத்தலில் வாங்கி, தன் தேயிலையை அதிலே போட்டு, சாப்பாட்டு மேசைத் துணியால் போத்தலை மூடி ஐந்து நிமிடம் காத்திருந்து, நான்கு கோப்பைகளில் ஊற்றினார். பக்கத்து மேசையில் இருந்த பினாங்குத் தமிழ்க் குடும்பத்தினர் வாசனை பிடித்துக்கொண்டு வந்து தங்கள் கோப்பைகளையும் நீட்டினார்கள்.

அதன் பிறகு அன்று நாங்கள் செய்ததாகச் சொல்ல அதிகம் இல்லை. நான்காம் தளத்தில் மரக் கதிரைகள் இருந்தன, மேல்தளத்து நீச்சல் குளத்தைப் போலத் துவாயைப் போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் அங்கே இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. மனைவி சிங்கப்பூரில் பின்னத் தொடங்கிய தொப்பியைப் பாதியில் மடியில் வைத்தபடியே தூங்கிவிட்டார். கப்பலும் வேகமாகப் போக வேண்டிய அவசியம் இல்லாமல், மணிக்குப் பத்துக் கடல் மைல் அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. இந்த ஆறுதலுக்காக மட்டுமே கொடுத்த காசு தகும் என்பேன்.

குறை என்னவென்றால், அந்தக் கடற்கரையைப் பற்றிக் கப்பல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைய நிகழ்ச்சித்தாளில் பிங்கோ இரண்டு தடவை, கைக்கடிகார விற்பனை ஒரு தடவை, துவாயை மடித்து யானை செய்யும் வகுப்பு ஒன்று என்று இருந்தனவே தவிர, வலப்பக்கத்தில் என்ன கடந்துபோகிறது என்று ஒரு வரிகூட இல்லை. முதல்நாள் நள்ளிரவில் மட்டக்களப்புக்கு வெளியே கடந்த கடலின் அடியில், 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதே நாள் காலையில்தான் திருகோணமலைத் துறைமுகத்திலும் குண்டு விழுந்தது. காலை பத்து மணியளவில் தூரத்தில் ஒரு தூண்போலத் தெரிந்தது, 1873 இல் நடுக்கடற் பாறையில் கட்டி முடிக்கப்பட்ட கிரேட் பாசஸ் வெளிச்சவீடு. அந்தப் பாறைத் தொடரைச் சிங்களத்தில் மகா இராவணன் கோட்டை என்கிறார்கள். அங்கேதான் 1961 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பரான மைக் வில்சன், மூழ்கிய கப்பலொன்றிலிருந்து அவுரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். சுவாமிமலையின் அடியில் கடலுக்குள் கிடந்த கோயில் தூண்களைத் தேடி மூழ்கியவரும் அவர்தான். இவ்வளவையும் அரை மணி நேரம் சொல்வதற்கு ஓர் ஆளை அமர்த்தியிருந்தால் பிங்கோ மண்டபம் காலியாகியிருக்கும். நண்பகலில் கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் வந்தார். வேகமும் வெப்பநிலையும் சொன்னார். கடையில் கடைசி நாள் விலைக்கழிவு இருப்பதை நினைவூட்டினார்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையை நெருங்கியபோது, முன்பக்கத்தில் நின்ற ஒரு பையன் கத்தினான். உயரமான மூச்சாவி ஒன்று நேராக எழுந்து, கலையாமல் சில கணங்கள் நின்றது. பிறகு நீண்ட சாம்பல் நிற முதுகு உருண்டு உருண்டு, முடியவே முடியாததுபோல் போய், கடைசியில் ஒரு சிறிய துடுப்போடு மறைந்தது. நீலத்திமிங்கிலம். மொத்தம் பதினைந்து பேர் பார்த்திருப்போம். உலகின் நெரிசலான கப்பல் வழிகளுள் ஒன்று அந்த முனைக்குத் தெற்கே போகிறது. அதே நீரில் திமிங்கிலங்கள் இரை தேடுவதால் கப்பல்களில் மோதி இறக்கின்றன. 2022 இல் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் ஒன்று தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலகிப் போகச் சொன்னது அதனால்தான். எங்கள் கப்பல் கரைப் பக்கமாக, பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முனையில் வெள்ளை வெளிச்சவீடு தெரிந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களான பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்றான தொண்டேஸ்வரம் அங்கே இருந்தது. 1588 இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். கோணேசர் கோயிலை அவர்கள் இடித்தது 1622 இல். முதல்நாள் மாலை ஒன்றையும் மறுநாள் பிற்பகல் மற்றதையும் கும்பிட்டவர், இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு நாளை நிகழ்ச்சித்தாள் இல்லாமலே நிரப்பிக்கொண்டார்.

காலி தாண்டியதும் சூரியன் முன்பக்கத்தின் இடப்புறமாக விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எங்கள் அறைப் பலகணி பயன்பட்டது.

கடைசி இரவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கணக்கு. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலருக்கும் அதிகமான சேவைப்பணம் தானாகவே சேர்க்கப்பட்டிருக்கும். அதை முதலே பயணச் செலவில் கூட்டிக்கொள்ள வேண்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால் கரை அலைவரிசை விட்டுவிட்டு வரும் இடங்களில் அது கப்பலின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வந்த பற்றுச்சீட்டை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. இரண்டாவது, பெட்டி. நிற அட்டை கட்டிய பெட்டிகளை இரவு பதினொரு மணிக்கு முன் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்; அதன் பிறகு அவற்றைக் கொழும்பு இறங்குதுறையில்தான் காணலாம். காலையில் உடுக்க வேண்டியதை வெளியே எடுத்து வைப்பது சிறு விடயம்போல் தெரியும். அத்தான் தன்னுடைய எல்லாக் காற்சட்டைகளையும் ஒழுங்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியையும் வெளியே வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழும்புத் துறைமுக அலைதாங்கியைக் கடக்கும்போதுதான் தன்னிடம் மிஞ்சியது இரவு உடுத்த சாரம் மட்டுமே என்பது அவருக்குத் தெரியவந்தது.

நீண்ட கைச் சட்டையும் கட்டம்போட்ட சாரமும் உடுத்து, கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்த நெஞ்சோடு அவர் குடிவரவு அதிகாரியின் முன் போய் நின்றார். அதிகாரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டார். “திருகோணமலைக்கு” என்றார் அத்தான்.