உருவம் வரைய எந்த டிஜிட்டல் பேனா?

டிஜிட்டல் பேனா விளம்பரங்களில் முதலில் வந்து நிற்பது அழுத்த நிலைகளின் எண்ணிக்கைதான், அதாவது கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்பது. 4096, 8192 என்று ஏறி இப்போது 16384 வரை வந்துவிட்டது. ஃபிகர் ட்ராயிங், அதாவது போஸ் கொடுப்பவரைப் பார்த்து மனித உருவம் வரையப் பழகுபவர்கள் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். லேசாகத் தொட்டதும் கோடு விழுகிறதா, பேனாவைச் சாய்த்தால் கோடு அகலமாகிறதா, இந்த இரண்டும் போதும். 30 விநாடி போஸில் கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரே வீச்சில் இழுக்கிறோம். அந்தக் கோட்டின் தொடக்கம் பதியவில்லை என்றால் போஸே போயிற்று.

சாய்வில் ஆப்பிள் பென்சிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐபேடின் வரைதல் செயலியான புரோகிரியேட்டில் பென்சில் பிரஷை எடுத்துப் பேனாவைப் படுக்கவைத்தால், சார்கோல் (கரி) துண்டைப் பக்கவாட்டில் தேய்த்தது போலவே நிழல் விழும். முதுகு, தொடை மாதிரிப் பெரிய பரப்புகள் சட்டென்று முடிந்துவிடும். 20 நிமிட போஸுக்கு என் தேர்வு இதுதான். ஆனால் ஒரே பெயரில் பல மாடல்கள் உண்டு. 2023இல் வந்த யூஎஸ்பி-சி மாடலை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள், அதில் அழுத்த உணர்வே கிடையாது. குறிப்பெடுக்கச் சரி, உருவம் வரைய ஆகாது. 2024இல் வந்த ஆப்பிள் பென்சில் ப்ரோவில் பேனாவை விரலுக்குள் உருட்டினால் பிரஷும் திரும்பும். சுகமான வசதிதான், பழகுபவருக்கு அவசியமில்லை. அப்புறம், எல்லா மாடலும் எல்லா ஐபேடிலும் வேலை செய்யாது. கண்ணாடி வழுக்குகிறது என்று சொரசொர ஃபிலிம் ஒட்டினால் பேனாவின் நிப் (முனை) சீக்கிரம் தேயும்.

சாம்சங் எஸ் பென்னின் நிப் மென்மையானது, கண்ணாடியிலேயே கொஞ்சம் பிடிமானம் தரும். கேலக்ஸி டேப் எஸ் வரிசை டேப்லெட்டுகளின் பெட்டிக்குள்ளேயே வருவதால் தனிச் செலவில்லை. பேனாவில் சார்ஜ் இல்லாவிட்டாலும் கோடு விழும். குறை என்றால், மூலைவாட்டுக் கோட்டை மெதுவாக இழுக்கும்போது லேசாக நெளியும். வேகமான போஸ்களில் அது தெரியவே தெரியாது. முகத்தின் ஓரக்கோட்டை நிதானமாக வரையும்போது கண்ணை உறுத்தும். புரோகிரியேட் இதில் இல்லை, கிளிப் ஸ்டூடியோ அல்லது இன்ஃபினிட் பெயின்டர் செயலியோடு சமாளிக்கலாம்.

வாகாம் இன்டூவோஸ் என்பது கணினியோடு இணைத்து வரையும், திரையில்லாத பலகையும் பேனாவும். இந்த மூன்று தேர்வுகளிலும் இதுதான் மலிவு. அதன் சிறிய மாடலில் வரையும் பரப்பு 152க்கு 95 மில்லிமீட்டர்தான். தோளிலிருந்து வர வேண்டிய வீச்சு மணிக்கட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. உருவம் வரைய இதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை. சாய்வையும் அது உணராது. கணினியில் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

கையில் ஐபேட் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் எஸ் பென் பக்கம் போகலாம். கடையில் சோதிக்கும்போது கையெழுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். பென்சில் பிரஷை எடுத்து, அழுத்தாமல், பேனாவின் எடை மட்டும் திரையில் படும்படி ஒரு நீண்ட வளைவு இழுங்கள்.