கிராண்ட் பியானோவை ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்

என் பழைய கிராண்டில் நடுப்பகுதிக் கீகள் சிலவற்றுக்கு ஒரு கோளாறு. ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்தால் நடுவில் ஒன்றை விழுங்கிவிடும். வந்து பார்த்த டெக்னீஷியன், "ஹாமர் எல்லாம் தேஞ்சு போச்சு, புதுசு போட்டு முழு ரெகுலேஷன் பண்ணணும்" என்றார். அழுத்திய கம்பளியான ஃபெல்ட் சுற்றிய, கம்பியை அடிக்கும் சுத்தியல்தான் ஹாமர்; உள்ளிருக்கும் பாகங்களின் தூரங்களையும் அசைவையும் சரிசெய்வது ரெகுலேஷன். ஆக்‌ஷனை (கீயின் அசைவை ஹாமருக்குக் கடத்தும் அமைப்பு) மொத்தமாக உருவி எடுத்துக்கொண்டு போனார். திரும்பக் கொண்டுவந்து பொருத்தியபோது கீகள் தொட்டாலே இறங்கின. பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில், முன்பு ஒழுங்காக இருந்த கீகளும் மந்தமாகின. மென்மையாக வாசித்தால் பாதி ஸ்வரங்கள் வரவே இல்லை. மேல் ஸ்தாயி காதைக் குத்தியது. வேறொருவரை அழைத்து ஆக்‌ஷனை வெளியே இழுத்த பிறகுதான் நடந்தது தெரிந்தது.

அது புரிய உள்ளே இருப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீ ஒரு நெம்புகோல். முன்பக்கம் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால் பின்பக்கம் எழும்பி, விப்பன் என்ற மரச்சட்டத்தைத் தூக்கும். அதன் மேல் நிற்கும் ஜாக் என்ற சிறு தள்ளுகோல், ஹாமர் தண்டின் அடியில் உள்ள தோல் உருளையைத் தள்ளும். ஆனால் கடைசிவரை தள்ளாது. ஹாமர் கம்பியை நெருங்கியதும் ஜாக்கின் வால் லெட்-ஆஃப் பட்டனில் முட்ட, ஜாக் உருளைக்கு அடியிலிருந்து விலகிவிடும். மிச்ச தூரத்தை ஹாமர், கவணிலிருந்து கிளம்பிய கல்லைப் போலத் தானாகவே கடக்கிறது. ஜாக் விலகாவிட்டால் ஹாமர் கம்பியிலேயே அழுந்தி நின்று சத்தத்தை அமுக்கிவிடும்.

அடித்துத் திரும்பும் ஹாமரை பேக்செக் என்ற தடுப்பு பிடித்துக்கொள்ளும். விரலைச் சற்றே தளர்த்தினால் ரெபெட்டிஷன் லீவர் என்ற இன்னொரு நெம்புகோல் தன் ஸ்பிரிங் பலத்தில் ஹாமரைத் தாங்க, அந்த இடைவெளியில் ஜாக் மறுபடி உருளைக்கு அடியில் வந்து உட்காரும். கீ முழுக்க மேலே வருவதற்குள் கிராண்டில் அடுத்த அடி அடிக்க முடிவது இதனால்தான். 1821இல் எரார் நிறுவனம் காப்புரிமை எடுத்த இரட்டை எஸ்கேப்மென்ட்டிலிருந்து வந்த ஏற்பாடு இது.

என் பியானோ திணறியது ஜாக் திரும்பி வரும் இந்த இடத்தில்தான். ஜாக் ஆடும் அச்சு ஊசி, துளையின் உள்பக்கம் ஒட்டிய கம்பளித் துணி புஷ்ஷிங்குக்குள் இருக்கிறது. ஈரப்பதத்தில் துணி உப்பினால் ஊசியை இறுக்கிவிடும். ஊசியை உருவி, துளையைச் சீராக்கி, சரியான அளவு ஊசியைப் போடுவதுதான் முறை. ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய பொறுமையான வேலை. அந்த மனிதர் மொத்தத்துக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்திருக்கிறார்! முதலில் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் துணி ஊறி, தூசியும் சேர்ந்து பிசுபிசுத்துவிடும். இரண்டாவதாக வந்தவர் ஒரு ஜாக்கை விரலால் தள்ளிக் காட்டினார். சாய்த்த இடத்திலேயே நின்றது.

'புது' ஹாமர்கள் பழையவையேதான். கம்பி பதிந்த பள்ளம் தெரியாமல் ஃபெல்ட்டைத் தேய்த்திருக்கிறார். பள்ளத்தை லேசாகத் தேய்த்து எடுப்பது எல்லோரும் செய்யும் வேலைதான், அதில் தப்பில்லை. அதற்குப் புது ஹாமர் என்று பில் போடுவது திருட்டு. மேல் ஸ்தாயியில் ஃபெல்ட் கிட்டத்தட்ட மரம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. காதைக் குத்தாமல் என்ன செய்யும்?

ரெகுலேஷனின் லட்சணத்தை நீங்களே பார்க்கலாம். மேல்மூடியைத் திறந்து, ஒரு கீயை மிக மெதுவாக அழுத்துங்கள். ஹாமர் கம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வரை எழும்பி, அங்கிருந்து லேசாக விழ வேண்டும். என்னுடையதில் அரை விரல் தூரத்திலேயே திரும்பியது. அவ்வளவு முன்னால் ஜாக்கை விலக்கிவிட்டால் ஹாமர் கம்பியில் சிக்காது, புகாரும் வராது. சோம்பேறி வேலைக்காரருக்கு அது வசதி. ஆனால் மெல்லத் தட்டும்போது ஹாமர் கம்பி வரை போய்ச் சேராது.

அடுத்து, பலமாக அடித்து, கீயை விடாமல் பிடித்திருங்கள். ஹாமர் பேக்செக்கில் நிற்கும். பிடியைத் துளி தளர்த்தினால் சீராக எழ வேண்டும். துள்ளினால், அந்தத் துள்ளல் விரலிலும் தெரிந்தால், ஸ்பிரிங்கை அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னுடையது அப்படித்தான் உதைத்தது. இறுகிப்போன ஊசியை ஸ்பிரிங் பலத்தால் மறைக்கப் பார்த்திருக்கிறார்.

கழற்றிய பழைய ஹாமர்களைக் கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு" என்றார். பில்லோடு படங்களையும் அனுப்பிய பிறகு போனை எடுப்பதில்லை. எண்ணெய் ஊறிய புஷ்ஷிங் துணியை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டுமாம். முதலிலேயே நாலைந்து ஊசிகளை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்கிறார் இப்போது வேலையை எடுத்திருப்பவர்.