ஆம்புலன்ஸ் விளக்கின் கன்ட்ரோல் பாக்ஸ்: வாங்குவதா, பழுதுபார்ப்பதா?

தனியார் ஆம்புலன்ஸ், பழுதான வண்டியை இழுக்கும் டோ டிரக் இரண்டுக்கும் வயரிங் பார்ப்பவன் நான். கூரை விளக்கு மின்னவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தால் ஓட்டுநர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, கன்ட்ரோல் பாக்ஸ் எங்கே கிடைக்கும்?" விளக்கை மின்னவைக்கும் பெட்டி அது. பாதி நேரம் அதில் கோளாறே இருக்காது. சிங்கப்பூர் ஈரத்தில் எர்த் வயரை வண்டி பாடியோடு இணைக்கும் போல்ட் பச்சை பூத்துக் கிடக்கும். சுரண்டி முடுக்கினால் வேலை முடிந்தது.

சரி, பாக்ஸேதான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வெலன், ஃபெடரல் சிக்னல் மாதிரி அமெரிக்கச் சரக்கு என்றால் ஏஜென்ட்டிடம் ஒரிஜினல் வாங்கலாம். விலை வலிக்கும், ஸ்டாக் இல்லாவிட்டால் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் விளக்கும் சைரனும் ஒரே பெட்டியில் இருக்கும் ஆம்புலன்ஸுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த 100 வாட் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 11 ஓம். அதற்கென்று செய்த பெட்டியில் கையில் கிடைத்த 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் கரண்ட் எகிறி டிரான்சிஸ்டர் கருகிவிடும்.

ஆன்லைனில் வருவது மலிவுதான். முன்பு 400 சிங்கப்பூர் வெள்ளிக்குள் விமானத்தில் வரும் பொருளுக்கு வரி இல்லை, 2023 ஜனவரியோடு அந்தச் சலுகையும் போச்சு. இப்போது 9 விழுக்காடு. டோ டிரக்கின் மஞ்சள் விளக்குக்குத் தாராளமாக வாங்கலாம், 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு லாரிக்காரர் தன் 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பெட்டியைத் தானே மாட்டி, சுவிட்ச் போட்ட கையோடு புகையைப் பார்த்தவர்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, பெட்டியைத் திறந்து பழுதுபார்ப்பது. பழைய ஹாலஜன் விளக்கில் 55 வாட் பல்பு ஒன்றே 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். மூடியைத் திறந்ததுமே மீன் வாடை மாதிரி ஒன்று அடிக்கும், ரிலேயில் விளக்குக்குக் கரண்ட் போகும் 87ஆம் நம்பர் பின் (கால்) பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். ஆளைப் பிடித்தாச்சு. ரிலே நம்பரைக் குறித்துக்கொண்டு எலெக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் போனால் சில வெள்ளியில் கிடைக்கும். (பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்கொயர் இல்லை, டவர். பல பேர் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்து ரிலே தேடுகிறார்கள்.) அப்படியே நடந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் டீ. எல்இடி பெட்டியில் பெரும்பாலும் ரிலேவுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் இருக்கும், அதைக் கழற்றிப் பற்றவைக்கப் பழகிய கை வேண்டும்.

காயலான் கடைப் பெட்டி எத்தனை வருஷம் உழைத்தது என்று யாருக்குத் தெரியும்? நான் அங்கே போவது பிளக்குக்கு மட்டும்தான், வயரோடு ஒரு சாண் விட்டு வெட்டித் தரச் சொல்வேன்.