போகாஷி வாளி: சேலம் செம்மண்ணில் சில வருஷ அனுபவம்

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் செம்மண் தரை. கோடையில் கடப்பாரை போட்டால்தான் இளகும். காய்கறித் தோலை மக்க வைக்கத் தொட்டி இருந்தது. மிஞ்சிய குழம்பு, பழைய சோறு, மீன் முள் இதெல்லாம் அதில் விழுந்தால் புழுவும் நாற்றமும் பெருச்சாளியும்தான். அதற்காகவே, கழிவை மூடிய வாளியில் புளிக்க வைத்துப் பிறகு மண்ணில் புதைக்கும் போகாஷி முறைக்கு வந்தேன். சமைத்த மிச்சத்துக்கு வீட்டளவில் இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய ஈ.எம். (எஃபெக்டிவ் மைக்ரோஆர்கனிசம்ஸ்) என்ற நுண்ணுயிர்க் கலவைதான் இதற்கு அடிப்படை. அதிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் காற்றுப் புகாத வாளியில் கழிவைப் புளிக்க வைக்கும், இட்லி மாவு புளிக்கிற மாதிரி. புளிப்பு ஏறிவிட்டால் அழுக வைக்கும் கிருமிகள் தலையெடுக்காது.

வாளியில் கழிவோடு தூவ, ஈ.எம். ஏற்றிய தவிடு வேண்டும். கடையில் விற்கும் போகாஷித் தவிடு விலை கட்டுப்படியாகாது. கோதுமைத் தவிட்டில் ஈ.எம். கரைசலும் நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரும் தெளித்து நானே பிசைந்துகொள்கிறேன். பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. இரண்டு வாரம் காற்றுப் புகாமல் கட்டி வைத்து, நிழலில் உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது.

வாளியில் கழிவு ஒரு அடுக்கு, தவிடு ஒரு கைப்பிடி, தட்டால் அழுத்தி மூடி. குழம்பை வடித்துவிட்டுப் போடுங்கள். நிறைந்தபின் இரண்டு வாரம் திறக்கவே வேண்டாம். வெள்ளைப் பூசணம் படர்ந்தால் நல்லது. கறுப்போ பச்சையோ படர்ந்து அழுகல் வாடை வந்தால் மூடி சரியில்லை என்று அர்த்தம். ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார், "அண்ணி, இன்னும் புளிப்பு வாசமே வரல" என்று போன் செய்வாள். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் கூடுதலாக ஒரு வாரம் விடணும், அவ்வளவுதான்.

வாளியின் அடியில் உள்ள குழாயில் வடியும் நீர் கடும் புளிப்பு. ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் கலந்துதான் செடிக்கு ஊற்றணும். நான் வாங்கிய வாளியில் குழாய் வாஷர் சீக்கிரமே கசிய ஆரம்பித்தது. வாங்கும்போதே தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்.

வாளியிலிருந்து வெளியே வருவது உரம் அல்ல, ஊறிய கழிவு. சோறு சோறாகவே தெரியும். மண்தான் அதை உரமாக்கும். ஒரு அடி ஆழக் குழியில் மண்ணோடு நன்றாகக் கிளறிப் புதைத்து, இரண்டு வாரமாவது கழித்துத்தான் நாற்று நடணும். முந்தினால் வேர் கருகும். நம் ஊர் வெயிலில் குழி காய்ந்துவிட்டால் மக்குவது அப்படியே நின்றுவிடும், மேலே காய்ந்த இலை போட்டு ஈரம் காக்கணும். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் மீன் முள்ளும் மாங்கொட்டையும் மட்டும் கிடக்கும், சுற்றிலும் கறுத்த பொலபொல மண்ணும் மண்புழுவும். கத்தரிப் பாத்தியில் இப்போது களைக்கொத்தே போதும், தண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

மேக்னசைட் சுரங்கப் பக்கம் இருப்பவர்கள் சிலர், இந்தக் கழிவின் புளிப்பு அங்குள்ள மண்ணின் காரத்தன்மையைக் குறைக்குமா என்று கேட்கிறார்கள். குறைக்காது. அந்த அமிலம் சில வாரத்தில் மண்ணுக்குள் சமனாகிவிடும். அதற்கு மண் பரிசோதனை செய்து தனியாக வழி பார்க்கணும்.