சீட்டா, ஆர்.டி.யா, நகைச்சீட்டா? ஒரு வாரச் சம்பளக்காரன் கணக்கு

போன தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்று சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, மாசம் நாலாயிரம் மிச்சம் பிடிக்கலாம்னு இருக்கேன். எதுல போடட்டும்?"

அவனுக்கு 22 வயது. சிவகாசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம். வாரம் 3,900 ரூபாய் சொச்சம் வரும். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் ஐயாயிரத்தைத் தொடும், ஆர்டர் இல்லாத வாரம் இரண்டாயிரத்துக்கே திண்டாட்டம். நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் ரூமுக்கு அவன் பங்கு 1,500, மெஸ்ஸுக்கு 4,000, வீட்டுக்கு 5,000. அப்புறம் ரீசார்ஜ், சோப்பு, ஊருக்குப் போக பஸ், யாருக்காவது கல்யாணம் என்றால் மொய். நாலாயிரம் பேராசை, மூவாயிரம் வை என்று முதலிலேயே குறைத்துவிட்டேன்.

இப்படிக் கேட்டால் எல்லாரும் வட்டி எவ்வளவு என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆறு வருடம் இங்கே கட்டியும் இழந்தும் பார்த்த நான் கேட்பது வேறு: ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் இது என்னை என்ன செய்யும்? 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமானது. அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு ஷிப்ட் குறைந்தது என்று மெஸ் நடத்தும் அக்காவைக் கேட்டால் தெரியும், அவர் கடன் நோட்டிலேயே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்ட சேமிப்பு யோசனைகளில் அப்படி ஒரு மாதமே வருவதில்லை.

சரி, முதலில் ஏலச்சீட்டு, அவன் மனதில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது அதுதான்.

ரூமில் ஓடும் சீட்டு இப்படி: 20 பேர், ஆளுக்கு மாதம் 2,500, 20 மாதம், சீட்டுத் தொகை 50,000. முதல் சீட்டை நடத்துபவர் தள்ளு, அதாவது சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை, எதுவும் இல்லாமல் எடுத்துக்கொள்வார். அதன்பிறகு மாதாமாதம் ஏலம், யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு, தள்ளிய தொகை 20 பேருக்கும் அந்த மாதத் தவணையில் கழிவாகப் பிரியும். ஆரம்பத்தில் தள்ளு பதினைந்தாயிரம் வரை போகும், கடைசியில் ஆயிரத்துக்கு வந்து நிற்கும். சராசரியாக மாதம் 7,000 தள்ளு என்று வைத்தால், கடைசி மாதமும் ஏலம் இல்லை என்பதால் 18 ஏலத்தில் ஆளுக்கு 6,300 ரூபாய் கழிவு. ஆக ஒருவர் மொத்தம் கட்டுவது 43,700. கடைசிச் சீட்டு எடுப்பவர் 50,000 வாங்குகிறார். கணக்குப் போட்டால் வருடத்துக்குப் பதினாறு, பதினேழு சதவீதம் வருகிறது. எந்த வங்கி தரும்?

இன்னொரு பக்கமும் பாருங்கள். நாலாம் மாதம் அவசரத்துக்கு 12,000 தள்ளி 38,000 எடுத்தவர், அதே 43,700ஐத்தான் கட்டி முடிக்கிறார். அவருக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு, இரண்டேகால் வட்டிக்குக் கடன் வாங்கிய மாதிரி. வெளியே மூன்று வட்டி, ஐந்து வட்டி கேட்கிற ஊரில் அதுவும் மோசமில்லை. சேமிப்பும் கடனும் ஒரே நோட்டில் ஓடுவதுதான் சீட்டின் அழகு. ஆர்.டி.யோ (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) மியூச்சுவல் ஃபண்டோ, தங்கை கல்யாணத்துக்கு நாலாம் மாதத்திலேயே 38,000 எடுத்துக்கொள் என்று சொல்லாது.

ஆனால் அந்தப் பதினாறு சதவீதம் எதற்குக் கிடைக்கிறது என்று எனக்கு 2021இல்தான் புரிந்தது. கடைசியில் எடுக்கலாம் என்று பொறுமையாக இருந்தவன் நான். 14 மாதம் கட்டினேன், கிட்டத்தட்ட முப்பதாயிரம். 15ஆம் மாதம் சீட்டு நடத்தியவர் வீட்டில் பூட்டு தொங்கியது. முன்னாடியே சீட்டு எடுத்தவர்களுக்கு நயா பைசா நட்டமில்லை, மீதித் தவணை கட்ட வேண்டாமே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்திருப்பார்கள். அடி வாங்கியது கடைசிவரை காத்திருந்த ஆறு பேர்தான். புகார் கொடுக்கப் போனபோது என்னிடம் இருந்த ஆதாரம் பாக்கெட் டைரியில் என் கையெழுத்திலேயே எழுதிய தேதிகள். கடைசிச் சீட்டுக்காரர் எந்தப் பத்திரமும் வாங்காமல் கடன் கொடுத்தவர். அந்த அதிக வட்டி அதற்கான கூலி.

அப்படியென்றால் பதிவு செய்த சீட்டுக் கம்பெனிக்குப் போகலாமே? போகலாம். 1982ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவுத்துறையின் முன்அனுமதி வாங்கித்தான் சீட்டு தொடங்க வேண்டும், நடத்துபவர் பிணைத் தொகை வைக்க வேண்டும், அவருடைய கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஓடிப்போகும் பயம் பெருமளவு குறைகிறது. ஆனால் ஏலத்தில் சீட்டு எடுத்ததும் ஜாமீன் கேட்பார்கள், சம்பளச் சான்று உள்ள ஆள், முடிந்தால் அரசு ஊழியர். என் தம்பிக்கு அப்படி யாரைத் தெரியும்? பிள்ளையார் கோயில் பூசாரியைத் தெரியும். ஆக அவனைப் போன்றவர்களுக்கு அங்கே சேர்வது சுலபம், எடுப்பது கஷ்டம். நடுவில் ஒரு தவணை தவறினால் கழிவும் போய் அபராதமும் சேரும்.

ரூம் சீட்டில் தவறினால் அபராதம் இல்லை, சீட்டு நடத்துகிற அக்கா ரூம் வாசலில் வந்து நிற்பார். அந்த வெட்கத்துக்குப் பயந்தே ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும், நானும் கட்டியிருக்கிறேன். சீட்டு கட்டியவர்கள் எல்லாரும் சேமித்தார்கள் என்றால் காரணம் வட்டியல்ல, அந்த வாசல்தான்.

இனி அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 5 வருடம், 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமானது. மாதம் 1,500 கட்டினால் ஐந்து வருடத்தில் போட்டது 90,000, கிடைப்பது 1,07,049. இந்த எண்ணைச் சொன்னதும் தம்பி முகம் வாடிவிட்டது. "அஞ்சு வருஷத்துக்கு பதினேழாயிரம்தானாண்ணே?" அவ்வளவுதான்.

ஆனால் என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எதிலும் இல்லை. ஒரு மாதம் கட்டாவிட்டால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், 1,500க்குப் பதினைந்து ரூபாய். தொடர்ந்து நாலு மாதம் விட்டால்தான் கணக்கு நிற்கும், அப்போதும் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். 12 தவணை கட்டியபின் இருப்பில் பாதியைக் கடனாகத் தருவார்கள், ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து, அதாவது வருடத்துக்கு 8.7. மூன்று வட்டிக்காரரிடம் வருடத்துக்கு 36 கொடுப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். மூன்று வருடம் கழித்து மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும், 4 சதவீதம். முதல் மூன்று வருடம் மூடவே முடியாது. அது குறையா நிறையா என்று ஆளைப் பொறுத்துச் சொல்லலாம், என்னைப் போன்ற ஆளுக்கு நிறை.

ஒரு சின்ன விஷயம், கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள்: மாதம் 15 தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும், 16க்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை அவகாசம். வாரச் சம்பளக்காரர்கள் 16க்குப் பிறகு போய்த் தொடங்குவது நல்லது, கூடுதலாக இரண்டு சனிக்கிழமை கிடைக்கும். மகளிர் முகவர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்குக் கமிஷன் அரசே தருகிறது, நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று மட்டும் மாதாமாதம் பாருங்கள்.

வங்கி ஆர்.டி.யும் ஏறக்குறைய இதே கதை, ஒரு வருடத்துக்கும் போடலாம் என்பது வசதி. போன் ஆப்பிலேயே இரண்டு தட்டில் மூடிவிடலாம் என்பதும் வசதி, அதனாலேயே நான் அதில் மூன்று முறை தோற்றேன்.

நகைச்சீட்டைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது, பேசவும் தேவையில்லை. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு ஒரு விதி இருக்கிறது, அதனால்தான் எல்லாக் கடையிலும் 11 மாதம். முடிவில் ஒரு தவணை போனஸ் அல்லது குறிப்பிட்ட அளவுவரை சேதாரம் இல்லை என்பார்கள். சேரும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நான் கட்டுகிற பணம் பணமாகவே நிற்குமா, கட்டுகிற அன்றைய விலையில் கிராமாக ஏறுமா? 2025 ஜனவரியில் பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியது, அக்டோபரில் 90,000. பணமாக நின்ற சீட்டில் மாதம் 2,000 கட்டியவர் சேர்த்த 22,000க்கு ஜனவரி விலையில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாக வந்திருக்கும், அக்டோபர் விலையில் இரண்டு கிராம்கூட முழுசாக வராது. போனஸாகக் கிடைத்த ஒரு தவணை அந்த ஓட்டத்தில் எங்கே போனதென்றே தெரியாது. கிராமாக ஏறிய சீட்டில் இருந்தவருக்கு ஆரம்ப மாதங்களின் விலையாவது கிடைத்தது. விலை இறங்கும் வருடத்தில் இது அப்படியே தலைகீழாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தவணை தவறினால்? பெரும்பாலும் போனஸோ சேதாரச் சலுகையோ போய்விடும். ரொக்கமாகத் திருப்பிக் கேட்டால் முகம் மாறும், நகையாக எடுத்துக்கொள் என்பார்கள். நகையாக எடுத்தால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, சலுகைக்கு மேற்பட்ட சேதாரம் உண்டு, விற்கும்போது அந்த இரண்டும் திரும்பி வராது. ஆனால் அந்தக் கம்மலை ராத்திரி யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் காலையில் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பணமாக்கலாம். அதனால் தங்கை கல்யாணத்துக்கு நகை எப்படியும் வாங்க வேண்டும் என்றால் நகைச்சீட்டு சரி. வெறும் சேமிப்புக்கு என்றால் வேண்டாம்.

அடுத்து எஸ்.ஐ.பி., அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது. தம்பி யூடியூப் பார்த்துவிட்டு வந்தான். மாதம் 500, 12 சதவீதம், 30 வருடம், கடைசியில் ஒரு பெரிய எண். இருக்கட்டும், நீண்ட காலத்துக்கு அது நல்ல இடம்தான். ஆனால் வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கிற அந்தத் தேதியில் 500 ரூபாய் இல்லாவிட்டால் வங்கி பவுன்ஸ் கட்டணம் போடும், பல வங்கிகளில் அது சில நூறு ரூபாய். தவறிய தொகையே 500, அதற்கு அபராதம் முந்நூறு நானூறு என்றால்? அஞ்சலகத்தின் ஐந்து ரூபாயை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஜனவரியில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 12,000க்கு மேல் இருந்தது, மார்ச் 23 அன்று 7,600 அருகே. அதே வாரத்தில்தான் ஊரடங்கு, கம்பெனிகளுக்குப் பூட்டு, நாங்கள் எப்படி ஊருக்குப் போவது என்று தவித்தோம். எனக்கு வேலை போகிற நாளும் என் சேமிப்பு கரைகிற நாளும் ஒன்றாக வந்தன. அந்த நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது, உண்மைதான். நவம்பர்வரை எடுக்காமல் இருக்க முடிந்தவர்களுக்கு.

பி.எஃப். பற்றி அவன் கேட்கவே இல்லை, நான்தான் இழுத்தேன். காண்ட்ராக்டில் சேரும்போது "பி.எஃப். பிடிக்க வேண்டாம், கையில் முழுசா கொடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறான். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று காட்டினால் அவனிடம் பிடிப்பது 1,200. முதலாளியும் 1,200 போட வேண்டும், அதில் 833 ஓய்வூதியத்துக்கு, 367 பி.எஃப்.க்கு. 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். வேலை இல்லாத மாதம் பிடித்தமும் இல்லை, அபராதமும் இல்லை, இருக்கிற பணம் அப்படியே இருக்கும். என் கேள்விக்கு இப்படி நோகாமல் பதில் சொல்கிற சேமிப்பை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், இந்த ஊரில் பாதிப் பேர் மாதிரி. ஏன் என்றும் தெரியும். முன்பு பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்பார்கள். உடம்பு முடியாமல் நடுவில் வீட்டுக்குப் போன எத்தனையோ பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. முதலாளி பிடித்து வைக்கிற பணம் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நினைப்பு வருகிறது. பி.எஃப். அப்படியல்ல, அவன் பெயரில், அவன் எண்ணில் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் அவன் என்ன செய்தான் என்றால், அஞ்சலகத்தில் 1,500க்கு ஆர்.டி., மாதம் பிறந்து 18 தேதி போய்த் தொடங்கினான். மீதி 1,500ஐ ரூமில் ஓடும் சின்னச் சீட்டில் போட்டிருக்கிறான், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் கடைசிவரை நிற்க மாட்டானாம், பாதியிலேயே தள்ளி எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டிவிடுவானாம். என் கதையைக் கேட்டு அவன் கற்றுக்கொண்டது அது. மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமை வந்தால், வருடத்துக்கு நாலு முறை வரும், அந்தச் சம்பளத்தைத் தொடாமல் சேமிப்புக் கணக்கில் போடு, சீட்டோ ஆர்.டி.யோ தவறுகிற மாதத்துக்கு அது நிற்கும் என்று சொல்லியிருந்தேன். முதல் ஐந்தாவது சனிக்கிழமை வந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு போன் செய்தான்: "போட்டுட்டேண்ணே. ஆனா ஒரு ஐந்நூறு கம்மியா."