தோட்டக் கல்யாண அலங்காரத்துக்கு ஈர ஃபோம்: எங்கே எடுபடும்?

வெளிர்பச்சை அலங்காரத்தில் நிறம் பொருத்துவதைவிட வாடாமல் வைப்பதுதான் பெரும்பாடு. யூகலிப்டஸ் கொத்தும் வெள்ளை ரோஜாவும் வெறும் கம்பியில் கட்டினால் வெயிலில் சீக்கிரமே துவண்டுவிடும். அதற்குத்தான் ஈர ஃபோம்: தண்ணீரை உறிஞ்சி வைத்து, குத்திய பூத்தண்டுக்குக் கொடுக்கும் பஞ்சுபோன்ற கட்டி.

சுமார் 23 × 11 × 8 செ.மீ. கட்டி ஒன்று ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் குடிக்கும். பூ வளைவில் 10 கட்டி என்றால் 20 கிலோ. வளைவு சாயாமலிருக்க அதன் சட்டத்தின் காலில் மணல் மூட்டை கட்டாயம்.

ஊறவைக்கும்போது கையால் அழுத்தவே கூடாது. அகன்ற டப்பில் மிதக்கவிட்டால் ஓரிரு நிமிடத்தில் தானாக மூழ்கும். அழுத்தினால் வெளிப்புறம் நனைந்து நடுவே காற்று அடைபடும். அங்கே குத்திய தண்டு முகூர்த்தம் முடியுமுன் தலை தொங்கும். தண்டைச் சாய்வாக வெட்டி, 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரே குத்து. உருவி மறுபடி அதே ஓட்டையில் சொருகினால் அடியில் வெற்றிடம், தண்ணீர் ஏறாது.

மரிக்கொழுந்தின் சாம்பல்பச்சை இந்த நிறத்தொகுப்புக்கு அழகாகப் பொருந்தும், வாசனை வேறு. ஆனால் மெல்லிய தண்டு ஃபோமில் மடங்கும். சரமாகக் கட்டி கடைசியில் தொங்கவிடுங்கள்.

ஃபோமின் பெரிய குறை: மக்காது, தூள் புல்தரையில் கலக்கும், ஒருமுறை காய்ந்தால் மறுபடி சரியாக ஊறாது. மேசைக்கு மண்பானையில் தண்டைப் பிடிக்கச் சுருட்டித் திணித்த கோழிவலையே (கம்பி வலை) போதும். ஃபோம் வளைவுக்கு மட்டும்.